மஞ்சள் பெல்ட் எத்தனை டன் தூக்கும்?

கிரேன் நிற்கிற இடத்தில் எல்லாம் அது கிடக்கும். நான்கு விரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான, தடித்த மஞ்சள் நாடா. இரண்டு முனையிலும் மடித்துத் தைத்த கண். நீளவாக்கில் மூன்று கறுப்புக் கோடுகள். ஓரத்தில் ஒரு நீல லேபிள். கடைக்காரர் ‘வெப்பிங் ஸ்லிங்’ என்று பில் போடுவார். தூக்குகிறவர்களுக்கு அது பெல்ட். மஞ்சள் பெல்ட் என்றால் மூன்று டன்.

மூன்று டன் என்பது சரிதான், ஆனால் அது பாதிப் பேச்சு. இதே பெல்ட்டை ஒரு விதமாகப் போட்டால் 6 டன் தூக்கலாம். இன்னொரு விதமாகப் போட்டால் 2.4 டன்னுக்கு மேல் தூக்கக் கூடாது. லேபிள் கிழிந்து போயிருந்தால் ஒரு கிலோகூடத் தூக்கக் கூடாது. பெல்ட் அதேதான், கணக்குதான் மாறுகிறது. அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால், பெல்ட் பிறக்கும் இடத்திலிருந்தே அதன் கூடப் போக வேண்டும்.

அதன் பூர்வீகம் சட்டைத் துணி. இங்கிலாந்தில் அக்ரிங்டன் என்ற ஊரில், காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன் என்ற துணி அச்சிடும் நிறுவனத்தின் ஆய்வகத்தில், 1941இல் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சனும் டெரிஃப்தாலிக் அமிலத்தையும் எத்திலீன் கிளைக்காலையும் சேர்த்துக் காய்ச்சி ஓர் இழையை இழுத்தார்கள். அதுதான் பின்னாளில் டெரிலின் ஆனது. அமெரிக்காவில் அதற்கு டேக்ரான் என்று பெயர். நம் அப்பாக்கள் பெருமையாகப் போட்டுக்கொண்ட டெரிகாட்டன் சட்டையில் பாதி அதுதான். கசங்காத துணி கிடைத்தால் போதும் என்று தொடங்கிய வேலை, இரும்பைத் தூக்குவதில் வந்து நின்றது.

இன்று அந்த அமிலம் குஜராத்தின் ஹசீரா, தஹேஜ் போன்ற இடங்களில் கச்சா எண்ணெயின் வழித்தோன்றலாக வெள்ளைப் பொடியாய் வெளியே வருகிறது. அதிலிருந்து தண்ணீர் பாட்டிலும் செய்யலாம், சூரத் சேலையும் நெய்யலாம். பெல்ட்டுக்குப் போகும் நூல் மட்டும் வேறு மாதிரி வளர்க்கப்படுகிறது. உருக்கிப் பிழிந்த இழையைச் சூடான உருளைகளில் சுற்றி, பல மடங்கு நீளத்துக்கு இழுப்பார்கள். இழுக்க இழுக்க, உள்ளே தாறுமாறாகக் கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் நீளவாக்கில் வரிசைக்கு வருகின்றன. சேலை நூல் டெனியருக்கு 4, 5 கிராம் தாங்கினால், இந்தத் தொழிற்சாலை நூல் 8 கிராம் அளவுக்குத் தாங்கும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 9,000 மீட்டர் நூல் 1,000 கிராம் எடை இருந்தால் அது 1,000 டெனியர். டெனியருக்கு 8 கிராம் என்றால் அந்த ஒற்றை நூல் அறுந்துபோக 8 கிலோ பாரம் வேண்டும். நம் மஞ்சள் பெல்ட் புதிதாக இருக்கும்போது 21 டன்னில்தான் அறுபட வேண்டும் என்பது விதி. எட்டுக் கிலோ நூல் எத்தனை சேர்ந்தால் 21 டன்? 2,625. நெசவில் நூல் வளைந்து வளைந்து போவதாலும் தையல் ஊசி துளைப்பதாலும் கொஞ்சம் பலம் போகும். அதற்கும் சேர்த்து இன்னும் கூடுதலாக வைக்க வேண்டும். இரண்டு மடிப்பாக இருக்கும் அந்தச் சாதாரண நாடாவுக்குள் இவ்வளவு நூல்களும் ஒன்றாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தால் எத்தனை நூல் போனது என்று கண்ணால் எண்ண முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நாடா ஊசித் தறியில் நெய்யப்பட்டு, சாயம் ஏறி, சூட்டில் பதமாகிறது. சாயம் அழகுக்காக அல்ல. ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, பழுப்பு 6, நீலம் 8, ஆரஞ்சு 10 டன்னும் அதற்கு மேலும். டன்னுக்கு ஒரு கோடு என்று கறுப்பு நூலையும் நெசவிலேயே ஓட்டுவார்கள். டன்னுக்கு 30 மில்லிமீட்டர் அகலம் என்பது பொதுவான வழக்கம். அதனால்தான் மூன்று டன் பெல்ட் 90 மில்லிமீட்டர். கிரீஸ் படிந்து நிறம் மங்கினாலும் கோட்டை எண்ணலாம், கோடு தேய்ந்தாலும் அகலத்தை அளக்கலாம். இருந்தும் இவை எல்லாம் வெறும் சாட்சிகள்தான். இந்த நிற ஏற்பாடு ஐரோப்பியத் தரத்தின் வழக்கம். அமெரிக்கப் பெல்ட்டின் மஞ்சள் எந்த டன்னையும் குறிக்காது. தீர்ப்பு லேபிளில்தான் இருக்கிறது.

தையல்தான் இந்தப் பயணத்தில் மிக நுணுக்கமான இடம். நாடாவை மடித்துக் கண் வைத்துத் தைக்கும்போது, மொத்தப் பாரமும் ஒரு மடிப்பிலிருந்து இன்னொரு மடிப்புக்குத் தையல் நூல் வழியாகத்தான் கடந்து போகிறது. ஆகவே தையல் நூலும் பாலியஸ்டராகவே இருக்க வேண்டும். நாடாவின் விளிம்பைத் தையல் தொடக் கூடாது. நாடா மஞ்சள் என்றால் தையலை வேறு நிறத்தில் போடுவார்கள். ஒரு இழை விட்டிருந்தாலும் பார்க்கிறவர் கண்ணில் படட்டும் என்பதற்காக. பிரிந்த தையலைச் சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வதைப் போல ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

பிறகு சோதனை மேடை. மாதிரிக்கு எடுத்த பெல்ட்டை இழுத்து அறுப்பார்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 1492, லேபிளில் போடும் பாரத்தைப் போல ஏழு மடங்கு தாங்க வேண்டும் என்கிறது. அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.எம்.இ. பி30.9 ஐந்து மடங்கு போதும் என்கிறது. ஆக 21 டன்னில் அறுபடும் ஒரே நாடாவுக்கு ஐரோப்பா 3 டன் லேபிள் ஒட்டும், அமெரிக்கா 4.2 டன் லேபிள் ஒட்டும்.

இந்த ஏழில்தான் எல்லா வம்பும் தொடங்குகிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பட்டறையில், லேத்தை இடம் மாற்றும்போது இப்படி ஒரு பேச்சு காதில் விழலாம்:

“தாங்குங்களாண்ணா?”

“மூவேழு இருபத்தொண்ணு தம்பி. அஞ்சு டன்னெல்லாம் இதுக்கு ஒரு கணக்கா?”

அண்ணனின் வாய்ப்பாடு சரி, முடிவு தவறு. இரும்புச் சங்கிலிக்கு நான்கு மடங்கு போதும் என்கிறார்கள். வயர் ரோப்புக்கு ஐந்து. பெல்ட்டுக்கு மட்டும் ஏன் ஏழு? அது பலவீனமான பொருள் என்பதால் அல்ல. அதற்கு எதிரிகள் அதிகம் என்பதால். இரும்பு விளிம்பு அதை அறுக்கும், வெயில் அதை நலிய வைக்கும், உராயும் சூட்டில் அது உருகும், மணலும் தூளும் நூல்களுக்குள் புகுந்து தேய்க்கும். தூக்கும்போது ஏற்படும் குலுக்கலும் இருக்கிறது. ஏழில் ஒன்றுதான் நமக்கு. மீதி ஆறையும் அந்த எதிரிகளுக்காக முன்பே எழுதி வைத்தாகிவிட்டது. அதிலிருந்து எடுத்து ஐந்து டன் தூக்குகிறவர், பெல்ட் புதிதாக இருக்கும்வரை பிழைத்துக்கொள்வார். அப்படிப் பத்து முறை பிழைத்ததே அவருக்கு ஆதாரமாகிவிடும். பதினோராவது முறை வரும் பெல்ட் அதே பழைய பெல்ட்டாக இருக்காது.

பெல்ட் இப்போது கடைக்கு வந்து, அங்கிருந்து பட்டறைக்கு வந்துவிட்டது. இனிமேல்தான் அதன் தூக்கும் திறன் உண்மையில் முடிவாகிறது.

ஒரு கண் ஹூக்கில், மறு கண் சுமையில், நேர்ச் செங்குத்தாகத் தொங்கினால் 3 டன். லேபிளில் இருக்கும் எண் இந்த நிலைக்கு மட்டும்தான். ஒரு கண்ணுக்குள் மறு கண்ணை நுழைத்துச் சுருக்குப் போட்டால், அதாவது சோக்கர், அதில் பத்தில் எட்டுப் பங்கு: 2.4 டன். சுருக்கு விழும் இடத்தில் நாடா இறுக்கமாக மடங்கி, தன் மேலேயே அழுந்துவதால் இந்தக் குறைவு. சுருக்கு இன்னும் இறுகட்டும் என்று சுத்தியலால் தட்டி இறக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அது மடிப்பின் கோணத்தைக் கூர்மையாக்கி, இருக்கும் 2.4 டன்னையும் குறைக்கும். சுமைக்கு அடியில் கொடுத்து இரண்டு கண்ணையும் மேலே கொண்டுவந்தால், அதாவது பாஸ்கெட், இரண்டு பக்கமும் செங்குத்தாக இருந்தால் 6 டன். ஆனால் இரண்டு கண்ணும் ஒரே ஹூக்கில் மாட்டினால் பக்கங்கள் செங்குத்தாக நிற்பதில்லை, சாய்கின்றன. செங்குத்திலிருந்து 45 டிகிரி வரை சாய்ந்தால் 4.2 டன், 60 டிகிரி வரை சாய்ந்தால் 3 டன். 60ஐத் தாண்டினால் தூக்கவே கூடாது.

சாய்வுக்கு ஏன் இவ்வளவு தண்டனை? மொட்டை மாடியில் துணிக் கொடி கட்டினவர்களுக்குத் தெரியும். கொடியைத் தொய்வாக விட்டால் ஈரப் போர்வையையும் தாங்கும். அழகாக இருக்கட்டும் என்று விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதே போர்வைக்கு ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். கயிறு படுக்கப் படுக்க, பாரத்தைத் தூக்குவதைவிட ஒன்றை ஒன்று எதிர்த்து இழுப்பதற்கே பலம் செலவாகிறது.

லேத்துக்கு வருவோம். அது 4 டன் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மஞ்சள் பெல்ட். செங்குத்தாகத் தொங்கினால் ஆளுக்கு 2 டன், கவலை இல்லை. செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் 2.83 டன் இழுப்பு. எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் நூலிழையில். 60 டிகிரி சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் 4 டன். லேத் ஒரு கிராம்கூடக் கூடுதலாகக் கனக்கவில்லை, ஆனால் மூன்று டன் பெல்ட் நான்கு டன் இழுக்கிறது. இரண்டு பெல்ட் போட்டதன் பயன் மொத்தமும் போய்விட்டது. 75 டிகிரி சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 7.7 டன்.

யாரும் வேண்டுமென்று 60 டிகிரியில் தூக்குவதில்லை. பட்டறையின் கூரை தாழ்வு. ஹூக் மேலே போக இடமில்லை. நீளப் பெல்ட் போட்டால் லேத் தரையை விட்டுக் கிளம்பாது. அதனால் குட்டைப் பெல்ட்டை எடுக்கிறார்கள், அது அகலமாக விரிகிறது. கூரை உயரம்தான் பல இடங்களில் பெல்ட்டின் டன்னைத் தீர்மானிக்கிறது.

கோணம் அளக்கும் கருவி எதுவும் வேண்டாம், டேப் போதும். பெல்ட் சுமையைப் பிடிக்கும் இரண்டு இடங்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். அது ஒரு பெல்ட்டின் நீளத்துக்குச் சமமாக இருந்தால் சாய்வு 30 டிகிரி, நல்லது. ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவானால், சரியாகச் சொன்னால் 1.73 மடங்கானால், 60 டிகிரிக்கு வந்துவிட்டது. பெல்ட்டின் நீளத்தைவிட இடைவெளி கூடாது என்று வைத்துக்கொள்கிறவர் நிம்மதியாகத் தூங்கலாம். இன்னொரு வழியும் உண்டு: பெல்ட் நீளத்தை, சுமையைப் பிடிக்கும் இடத்திலிருந்து ஹூக் வரைக்கும் உள்ள உயரத்தால் வகுத்து, ஒரு பெல்ட்டின் பங்குக்கு வரும் எடையால் பெருக்கினால், அதுதான் அந்தப் பெல்ட்டின் உண்மையான இழுப்பு.

பங்கு என்கிறபோது ஓர் எச்சரிக்கை. லேத்தின் எடை நடுவில் இல்லை; ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம். ஹூக் அந்தக் கனத்துக்கு நேர் மேலே இல்லாவிட்டால் ஒரு பெல்ட் பாதிக்கு மேல் சுமக்கும், மற்றது சும்மா வரும். நான்கு பெல்ட் போட்டாலும் நான்கு மடங்கு கிடைக்காததற்கும் இதே காரணம்தான். கெட்டியான சுமை நான்கு கால்களிலும் சமமாக உட்காராது. அதனால் மூன்று காலுக்கும் நான்கு காலுக்கும் ஒரே கணக்கு: 45 டிகிரிக்குள் 2.1 மடங்கு, 60க்குள் 1.5 மடங்கு.

இந்தச் சாய்வுச் சிக்கலுக்குப் பெரிய இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத் தூத்துக்குடிக்குப் போகலாம். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்திலிருந்து காற்றாலை இறக்கைகள் கப்பலேறுகின்றன. சில 80 மீட்டருக்கும் அதிக நீளம். இறக்கையின் உடம்பு கண்ணாடி நாரும் பிசினும். வயர் ரோப்பைச் சுற்றினால் தோலில் தடம் விழும்; அந்தத் தடம் பின்னாளில் விரிசலாகும். அகலப் பெல்ட் அழுத்தத்தைப் பரப்பிக்கொள்கிறது. எந்த இடத்தில் பெல்ட் போட வேண்டும் என்பதைத் தயாரித்தவர்களே இறக்கையில் குறித்து அனுப்புகிறார்கள். நீளமான சுமைக்கு நடுவில் ஒற்றை ஹூக் வைத்துப் பெல்ட்டை விரிப்பதற்குப் பதில், மேலே பெல்ட்டுகளைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கும் ஒரு ஸ்பிரெடர் பீம் வைத்தோ, இரண்டு முனைக்கும் தனித்தனிக் கிரேன் வைத்தோ தூக்குகிறார்கள். பெல்ட் அங்கே செங்குத்தாகத் தொங்குகிறது. லேபிளில் உள்ள எண் முழுதாகக் கிடைக்கிறது.

சரி, எதிரிகள். முதல் எதிரி விளிம்பு. சுமையின் விளிம்பு வளைவின் ஆரம், பெல்ட்டின் தடிமனைவிடக் குறைவாக இருந்தால் அது கூர் விளிம்பு என்று ஒரு விதி இருக்கிறது. இதன்படி பார்த்தால் கத்தி மட்டும் கூர்மையல்ல, இரும்புத் தகடு, ஐ-பீம், வார்ப்பின் சீவாத ஓரம் எல்லாமே கூர்மைதான். இழுவையில் இருக்கும் நூல், விளிம்பில் கொஞ்சம் வழுக்கினாலே அறுபடும். 2,600 நூல்களும் ஒரே நேரத்தில் போகத் தேவையில்லை. ஓரத்தில் சில நூறு போனால் மீதி தன் பங்குக்கு மேல் இழுக்கத் தொடங்கும். ரப்பர் ஷீட், பழைய ஃபயர் ஹோஸ் துண்டு, பாலியூரித்தேன் உறை, ஏதாவது ஒன்று நடுவே இருந்தாக வேண்டும். சாக்கைச் சுற்றுவது மனத் திருப்திக்கு.

முடிச்சு அடுத்தது. நீளம் கூடுதல் என்று பெல்ட்டில் முடிச்சுப் போட்டால் பலம் பாதிக்குமேல்கூடப் போகலாம். கண்ணை மாட்டும் ஹூக் தடித்ததாக இருந்தால் கண் அகட்டப்பட்டுத் தையல் பிளக்கத் தொடங்கும். கண்ணுக்குள் விரியும் கோணம் 20 டிகிரியைத் தாண்டக் கூடாது. தொட்டால் கண்ணாடி போலப் பளபளப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும் இடம், உராய்ந்து உருகிய இடம். பாலியஸ்டர் உருகுவது 260 டிகிரி அளவில் என்றாலும் 100 டிகிரிக்கு மேல் சூடான எதையும் பெல்ட்டால் தூக்கக் கூடாது.

ரசாயனத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பாலியஸ்டர் பெரும்பாலான அமிலங்களைப் பொறுத்துக்கொள்ளும், காரத்தைப் பொறுக்காது. நைலான் நேர்மாறு. சூரத் ஆலைகளில் பாலியஸ்டர் சேலையைக் காஸ்டிக் சோடாவில் போட்டு, நூலின் மேல்தோலை வேண்டுமென்றே கரைத்துப் பட்டுப்போல மென்மையாக்குகிறார்கள். அதே காஸ்டிக் பெல்ட்டில் பட்டால் நமக்குத் தெரியாமலே அது மென்மையாகிவிடும். சாயப்பட்டறைகளில் வேலை செய்யும் கிரேன்காரர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். பெல்ட் எந்த நூல் என்பதை லேபிளின் நிறமே சொல்லும்: நீல லேபிள் பாலியஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிப்ரொப்பிலீன்.

உருவ ஒற்றுமையால் வரும் ஆபத்து ஒன்றும் இருக்கிறது. லாரியில் சரக்கை இறுக்கும் ராட்செட் பெல்ட் பார்வைக்கு இதே சாதி. ஐரோப்பிய வழக்கில் அதன் லேபிளில் உள்ள எண் அறுபடும் பாரத்தில் பாதி. அதாவது இரண்டு மடங்கு காப்பு மட்டுமே. அது கட்டுவதற்கு, தூக்குவதற்கு அல்ல. அதேபோல், இரும்புக் குழாய்க் கட்டுகளோடு கப்பலில் வரும் சாயமில்லாத வெள்ளைப் பெல்ட்டுகள் ஒரு வழிப் பயணத்துக்காகத் தைத்தவை. சரக்கு சேர வேண்டிய இடத்தில் இறங்கியதும் அவற்றை வெட்டிவிட வேண்டும். எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றும், கூடாது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 29ஆவது பிரிவில் இதை எல்லாம் நான்கு வரியில் கேட்டது: தூக்கும் சாதனம் ஒவ்வொன்றிலும் பாதுகாப்பான பாரமும் அடையாள எண்ணும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும், பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பாரத்தை மீறக் கூடாது, பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி உள்ளவர் முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். பெல்ட்டுக்கு வருடம் ஒரு பரிசோதனை போதாது; ஒவ்வொரு தூக்கலுக்கும் முன்னால் முனைக்கு முனை கையால் தடவிப் பார்க்க வேண்டும். லேபிள் போய்விட்டால், பெல்ட் புதுசு போல இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். எந்தப் பொருள், எத்தனை டன், எந்தச் சோதனைத் தொகுதி என்று சொல்ல ஆள் இல்லாத நாடா அது.

ஒதுக்குவது என்றால் மூலையில் போடுவது அல்ல. மூலையில் கிடப்பதை அவசரத்துக்கு யாராவது எடுப்பார்கள். குப்பைத் தொட்டியில் முழுசாகப் போட்டால் அது இன்னொரு பட்டறைக்குப் போய், அங்கே மூன்று டன் பெல்ட் என்று பெயர் வாங்கும். ஆகவே ஒதுக்கிய அன்றைக்கே இரண்டு கண்ணையும் கத்தியால் வெட்டுங்கள், நடுவிலும் இரண்டு இடத்தில் வெட்டுங்கள், பதிவேட்டில் அதன் எண்ணுக்கு எதிரே தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.